டிஸ்க்கைத் தின்னும் இண்டெக்ஸ்: போஸ்ட்கிரெஸ் சர்வரில் அறிகுறி பார்த்து இடத்தை மீட்பது

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் பலவற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பார்கோடு உண்டு. வார்ப்பு, கடைசல், கழுவல், சோதனை, பேக்கிங் என்று ஒவ்வொரு மேடையிலும் அதை ஸ்கேன் செய்வார்கள். நாளுக்கு 40,000 பாகம் ஓடும் இடத்தில் வருஷத்துக்கு ஒரு கோடி வரிசைக்கு மேல் சேரும். இப்படிப்பட்ட சர்வரில் ஒரு நாள் காலை ஷிப்டில், "சார், ஸ்கேன் அடிச்சா சுத்திக்கிட்டே இருக்கு" என்று லைனிலிருந்து போன் வரும். லாக்கைத் திறந்தால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி இருக்கும். பெரிய டிஸ்க் வாங்க ஆர்டர் போடுவதற்கு முன்னால் பாருங்கள்: நிறைத்தது டேட்டாவா, அல்லது டேட்டாவைத் தேடித்தரும் இண்டெக்ஸா? பல இடங்களில் பாதிக்கு மேல் இண்டெக்ஸ்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி வெற்றிடம்.

இங்கே சொல்வது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் பதிப்பு 12-க்கும் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்கும், லினக்ஸ் சர்வருக்கும் பொருந்தும். கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறோம். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், கீழ்க்கோடு உள்ள இடத்தில் கீழ்க்கோடு.

அறிகுறி: டிஸ்க் 100 சதவீதம், போஸ்ட்கிரெஸ் நின்றுவிட்டது, எழவும் மாட்டேன் என்கிறது

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறோம். டேட்டா அடைவுக்குள் ‘பிஜி_வால்’ என்ற அடைவு இருக்கும். அதில் 16 எம்.பி. கோப்புகள் வரிசையாக நிற்கும், பழைய லாக் போலவே தோன்றும். அதைத் தொடாதீர்கள். எந்த மாற்றத்தையும் டேபிளில் எழுதுவதற்கு முன் போஸ்ட்கிரெஸ் குறித்துவைக்கும் ஏடு அது. விழுந்த சர்வர் எழுந்திருக்க அந்த ஏட்டைத்தான் படிக்கும். ஒரு கோப்பை அழித்தாலும் டேட்டாபேஸ் மொத்தமும் போய்விடலாம். அவசரத்தில் இங்கே கை வைத்துவிட்டு, பிறகு நேற்றைய பேக்கப்பிலிருந்து மீட்டு, இன்றைய ஷிப்ட் முழுவதையும் கையால் பதிந்த இடங்கள் உண்டு.

‘டிஎஃப் -ஹெச்’ போட்டு எந்தப் பகுதி நிறைந்தது என்று பாருங்கள். அதில் இடம் இருப்பதாகக் காட்டியும் பிழை வந்தால் ‘டிஎஃப் -ஐ’ போடுங்கள். ஐநோடு (கோப்புக்கு ஒன்று வீதம் செலவாகும் பதிவிடம்) தீர்ந்திருக்கும், அதாவது எங்கோ லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் குவிந்திருக்கும். அது இண்டெக்ஸ் விவகாரமே இல்லை.

தற்காலிகமாக 2 அல்லது 3 ஜி.பி. கிடைத்தால் போதும், போஸ்ட்கிரெஸ் எழுந்துவிடும். அதை எடுக்க நான்கு இடங்கள் உண்டு. சிஸ்டம் ஜர்னலை ‘ஜர்னல்சிடிஎல் --வேக்யூம்-சைஸ்=200எம்’ என்று சுருக்கலாம். ‘ஆப்ட் கிளீன்’ இறக்கி வைத்த பேக்கேஜ் கோப்புகளை நீக்கும். அதே டிஸ்க்கில் கிடக்கும் பேக்கப் கோப்புகளை வேறு இடத்துக்கு நகர்த்தலாம் (அழிக்க வேண்டாம், நகர்த்துங்கள்). நான்காவது, இஎக்ஸ்டி4 கோப்பு அமைப்பு ரூட்டுக்காக (நிர்வாகப் பயனருக்காக) ஒதுக்கி வைக்கும் 5 சதவீதம். 500 ஜி.பி. டிஸ்க்கில் அது 25 ஜி.பி., போஸ்ட்கிரெஸ் பயனருக்கு அது கிடைக்காது. டேட்டாவுக்கென்று தனிப் பகுதி இருந்தால் ‘டியூன்2எஃப்எஸ் -எம் 1’ என்று ஒதுக்கீட்டை 1 சதவீதமாக்கலாம். ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அதே பகுதியில் இருந்தால் அந்த ஒதுக்கீட்டில் கை வைக்காதீர்கள்.

கோப்பை அழித்தும் இடம் வரவில்லை என்றால், அதை ஏதோ ஒரு புரோகிராம் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அது யார் என்று காட்டும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்ததும் இடம் திரும்பும்.

அறிகுறி: சர்வர் ஓடுகிறது, ஆனால் இடம் எங்கே போனது என்று தெரியவில்லை

டேட்டா அடைவில் ‘டியூ -எஸ்ஹெச் *’ போட்டால் இரண்டு பெயர்களில் ஒன்று பெரிதாக நிற்கும். ‘பிஜி_வால்’ பெரிது என்றால் இண்டெக்ஸை மறந்துவிடுங்கள். ஒன்று, ஏட்டை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்றுக்கொண்டிருக்கிறது. அல்லது, எப்போதோ கழற்றிய ரெப்ளிகாவின் (நகல் சர்வரின்) ஸ்லாட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ்’ பார்வையில் (வியூவில்) ஆக்டிவ் என்ற இடத்தில் பொய் (எஃப்) என்று இருக்கும் ஸ்லாட், தனக்கு யாரோ வருவார்கள் என்று காத்து எல்லா ஏட்டையும் பிடித்து வைத்திருக்கும். அந்த ரெப்ளிகா திரும்பி வராது என்று உறுதிசெய்துகொண்டு ஸ்லாட்டை நீக்குங்கள். பதிப்பு 13 முதல் ‘மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்’ வைத்து ஒரு வரம்பு கட்டலாம்.

‘பேஸ்’ பெரிது என்றால் டேபிளோ இண்டெக்ஸோதான். எந்த டேபிள் என்று பார்க்க ‘பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்’ பார்வையிலிருந்து ஒவ்வொரு டேபிளுக்கும் இரண்டு எண் எடுங்கள்:

செலக்ட் ரெல்நேம், பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_டேபிள்_சைஸ்(ரெல்ஐடி)), பிஜி_சைஸ்_பிரிட்டி(பிஜி_இண்டெக்ஸஸ்_சைஸ்(ரெல்ஐடி)) ஃப்ரம் பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் ஆர்டர் பை பிஜி_இண்டெக்ஸஸ்_சைஸ்(ரெல்ஐடி) டெஸ்க் லிமிட் 10;

டேபிள் 9 ஜி.பி., அதன் இண்டெக்ஸ்கள் 60 ஜி.பி. என்று வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

அறிகுறி: பழைய வரிசைகளை லட்சக்கணக்கில் அழித்தும் ஒரு எம்.பி.கூடக் குறையவில்லை

பழுது எதுவும் இல்லை, போஸ்ட்கிரெஸ் இப்படித்தான் வேலை செய்யும். டெலீட் போட்டால் வரிசை செத்ததாகக் குறிக்கப்படும், அவ்வளவுதான். பிறகு வேக்யூம் என்ற துடைப்பு வேலை வந்து அந்த இடத்தை ‘மறுபடி பயன்படுத்தலாம்’ என்று எழுதி வைக்கும். டேபிளின் வால்பகுதியில் முழுக்கக் காலியான பக்கங்கள் இருந்தால் மட்டும் வெட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத் திருப்பித் தரும். பி-ட்ரீ இண்டெக்ஸில் (வழக்கமாகப் போடும் வகை) அந்த வெட்டுகூடக் கிடையாது. கோப்பு ஒரு தடவை வளர்ந்தால், திரும்பக் கட்டும்வரை அதே அளவில்தான் இருக்கும்.

வெளியே தரவில்லை, சரி. உள்ளேயாவது மறுபடி பயன்படுமா? இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இண்டெக்ஸின் ஒரு பக்கம் 8 கே.பி. பிக்இண்ட் (8 பைட் முழு எண்) சாவிக்கு ஒரு பதிவு 16 பைட், அதைச் சுட்டும் குறி 4 பைட், ஆக 20 பைட். புதிதாகக் கட்டும்போது இலைப் பக்கத்தை (பதிவுகள் இருக்கும் அடிப்பக்கத்தை) 90 சதவீதம்தான் நிரப்பும். அப்படியானால் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 366 பதிவு. ஒரு பக்கத்திலுள்ள எல்லாப் பதிவும் போனால்தான் அந்தப் பக்கம் வேறு சாவிகளுக்கு விடப்படும். ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் பக்கம் அப்படியே நிற்கும்.

இப்போது பாகங்கள் டேபிளை நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு முன் வெளியே போன பாகங்களை அழிக்கிறீர்கள். ஆனால் தரப் பிரச்சினைக்காக நிறுத்தி வைத்தவை, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியவை ஆகியவற்றை மட்டும் விட்டுவைக்கிறீர்கள். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், 366 பதிவு கொண்ட பக்கத்துக்கு மூன்று நான்கு மிஞ்சும். 99 சதவீதத்தை அழித்த பிறகும் கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் பிடிபட்டே இருக்கும். வரிசை எண் ஏறிக்கொண்டே போவதால் புதுப் பதிவுகள் வலது ஓரத்தில்தான் சேரும், பழைய பக்கங்களின் வெற்றிடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். இந்த இண்டெக்ஸை வேக்யூம் எத்தனை தடவை போட்டாலும் காப்பாற்றாது, திரும்பக் கட்டத்தான் வேண்டும். இதே அழிப்பு வேலையை அடிக்கடி செய்ய வேண்டியிருந்தால், மிச்சமாகும் வரிசைகளை முதலில் தனி டேபிளுக்கு மாற்றிவிட்டு, பெரிய டேபிளை மாதவாரியாகப் பார்ட்டிஷன் செய்யுங்கள் (தனித்தனித் துண்டாகப் பிரியுங்கள்). மாதத்தை அப்படியே டிராப் செய்தால் டேபிளும் இண்டெக்ஸும் அந்த நிமிஷமே டிஸ்க்கை விட்டுப் போகும்.

அறிகுறி: இண்டெக்ஸ் பெரிதாகத்தான் தெரிகிறது, ஆனால் ஊதியதா, இயல்பான அளவா?

அளக்காமல் கட்டத் தொடங்காதீர்கள். ஒரு கோடி வரிசைக்கு பிக்இண்ட் சாவி இண்டெக்ஸ், புதிதாகக் கட்டினால் சுமார் 214 எம்.பி. வரும். யூயூஐடி (16 பைட் அடையாள எண்) சாவி என்றால் சுமார் 300 எம்.பி. உங்களிடம் ஒரு கோடி வரிசைக்கு பிரைமரி கீ மட்டும் 2 ஜி.பி. இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

துல்லியமாகப் பார்க்க ‘பிஜிஸ்டாட்டியூபிள்’ (டேபிள் அல்ல, டியூபிள்) எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ‘பிஜிஸ்டாட்இண்டெக்ஸ்’ என்ற ஃபங்ஷனுக்கு இண்டெக்ஸ் பெயரைக் கொடுங்கள். அது தரும் எண்களில் ‘ஆவரேஜ் லீஃப் டென்சிட்டி’ மட்டும் போதும். புதிதில் 90 இருக்கும். 30-க்குக் கீழே என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காற்று. இது முழு இண்டெக்ஸையும் படித்துத்தான் சொல்லும், ஆகவே ஷிப்ட் நடக்கும்போது 40 ஜி.பி. இண்டெக்ஸில் ஓட்டாதீர்கள்.

70 சுற்றி வந்தால் என்ன செய்வது? சும்மா விடுங்கள். தாறுமாறாக வரும் சாவியில் பக்கம் நிறைந்தால் இரண்டாகப் பிளக்கும், பிளந்தவை மெல்ல நிறையும், மறுபடி பிளக்கும். இந்த ஓட்டத்தில் சராசரி நிரப்பு 70 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அதை 90-க்கு இழுத்து வைத்தாலும் சில வாரத்தில் பிளந்து பழைய நிலைக்கு வரும், அந்தப் பிளப்புகளால் எழுதும் வேகமும் குறையும்.

தமிழில் பெயர் சேமிக்கும் இடங்களுக்கு ஒரு தனிக் கணக்கு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் 3 பைட். ‘கிருஷ்ணகிரி’ என்பது உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறி, 33 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 11 பைட். இண்டெக்ஸில் அந்த ஒரு பதிவு 28 பைட்டுக்குப் பதிலாக 52 பைட் பிடிக்கும். தர்மபுரிப் பக்கம் பால் சங்கக் கணக்கு வைக்கும் டேபிளில் ஊர்ப் பெயர் தமிழில் இருந்து, அதில் இண்டெக்ஸும் இருந்தால் அது பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருவது. பதிப்பு 13 முதல் ஒரே சாவியை ஒருமுறை எழுதி, அதன்கீழ் வரிசைக்கு 6 பைட் வீதம் முகவரிகளை அடுக்கிவிடும். 12-இலிருந்து ‘பிஜி_அப்கிரேட்’ மூலம் ஏறி வந்தவர்கள் கவனியுங்கள்: பழைய இண்டெக்ஸ் பழைய வடிவத்திலேயேதான் வந்திருக்கும். ஒருமுறை ரீஇண்டெக்ஸ் கட்டளையால் திரும்பக் கட்டினால்தான் இந்தச் சலுகை கிடைக்கும். நியூமெரிக் வகைக்கு இது இல்லை. ஊர்ப் பெயருக்கு ஓர் எண் கொடுத்துத் தனி டேபிளில் வைத்துவிட்டு எண்ணை மட்டும் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

அறிகுறி: ஊதியிருப்பது உறுதி, லைனை நிறுத்தாமல் சுருக்க வேண்டும்

முதலில் பதிப்பைப் பாருங்கள். 14.0 முதல் 14.3 வரை உள்ள சர்வரில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். அந்தப் பதிப்புகளில் கன்கரன்ட்லி என்று (டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல்) கட்டிய இண்டெக்ஸ் சத்தமில்லாமல் கெட்டுப்போகக்கூடிய பிழை இருந்தது, 2022 ஜூனில் வந்த 14.4-இல் திருத்தினார்கள். முதலில் அப்டேட் செய்யுங்கள். அந்தப் பதிப்புகளில் ஏற்கெனவே கன்கரன்ட்லி கட்டியிருந்தால், அப்டேட்டுக்குப் பிறகு அந்த இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுங்கள்.

அடுத்தது இடம். பழைய இண்டெக்ஸ் கடைசிவரை இருக்கும், பக்கத்திலேயே புதிது எழும். 40 ஜி.பி. இண்டெக்ஸ் 12 ஜி.பி.யாகச் சுருங்கும் என்று கணக்கிட்டால், புதிதுக்கு 12, வரிசைப்படுத்தும் தற்காலிகக் கோப்புக்கு ஏறக்குறைய அதே அளவு, அதற்கு மேல் ‘பிஜி_வால்’ ஏடு. ஆக 30 முதல் 36 ஜி.பி. காலி இல்லாமல் தொடங்கினால் பாதியில் நிற்கும்.

பிறகு, ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் ‘எக்ஸாக்ட்_ஸ்டார்ட்’ நேரத்தை வைத்து, பழைய டிரான்ஸாக்ஷன் (பிகின் முதல் காமிட் வரை ஒரே கட்டாக நடக்கும் வேலை) எதுவும் இல்லை என்று பாருங்கள். ஒரே ஒரு பழைய டிரான்ஸாக்ஷன் திறந்திருந்தாலும் கன்கரன்ட்லி வேலை அதற்காகக் காத்து நிற்கும். மணிக்கணக்கில் ஏதும் நடக்காததுபோல் தெரிவது பெரும்பாலும் இதனால்தான்.

செஷனில் இப்படி:

செட் மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் = '1ஜிபி';
ரீஇண்டெக்ஸ் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி பாகம்_நிலை_இண்டெக்ஸ்;

மெயின்டனன்ஸ் நினைவகம் இயல்பில் 64 எம்.பி.தான். 16 ஜி.பி. ராம் உள்ள சர்வரில் 1 ஜி.பி. தந்தால் வேகம் நன்றாகக் கூடும். இதை பிகின், காமிட் நடுவே போட்டால் மறுத்துவிடும், தனியாகத்தான் ஓட்ட வேண்டும். இணைப்பு அறுந்தால் வேலை போய்விடும், ஆகவே ‘டிமக்ஸ்’ அல்லது ‘ஸ்கிரீன்’ உள்ளே இருந்து ஓட்டுங்கள். எவ்வளவு தூரம் வந்தது என்பதை இன்னொரு ஜன்னலில் ‘பிஜி_ஸ்டாட்_ப்ராக்ரஸ்_கிரியேட்_இண்டெக்ஸ்’ காட்டும்.

கன்கரன்ட்லி என்ற சொல்லை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். டேபிளில் எழுதுவது நிற்கும். படிப்பதும் நடைமுறையில் நிற்கும், ஏனென்றால் கேள்வியைத் திட்டமிடும்போதே போஸ்ட்கிரெஸ் எல்லா இண்டெக்ஸையும் தொட்டுப் பார்க்கும். ‘வேக்யூம் ஃபுல்’ இன்னும் கடுமையானது. டேபிள் மொத்தத்தையும் பூட்டி, டேபிளையும் எல்லா இண்டெக்ஸையும் புதிதாக எழுதும். ஞாயிற்றுக்கிழமை லைன் முழுக்க நிற்கும்போது மட்டும் அதை நினைக்கலாம். டேபிளும் சேர்ந்து ஊதியிருக்கிறது, நிறுத்தவும் முடியாது என்றால் ‘பிஜி_ரீபேக்’ எக்ஸ்டென்ஷன் உண்டு, அதற்கு டேபிளில் பிரைமரி கீ அல்லது நல் வராத யூனிக் இண்டெக்ஸ் வேண்டும்.

ஒரே டேபிளில் இரண்டு கன்கரன்ட்லி வேலையை ஒரே நேரத்தில் விடாதீர்கள். ஒன்று மற்றதற்குக் காத்திருக்கும், லாபமில்லை.

அறிகுறி: ரீஇண்டெக்ஸ் பாதியில் நின்றது, இப்போது இடம் முன்பைவிடக் குறைவு

‘\டி பாகம்’ போட்டுப் பாருங்கள். இண்டெக்ஸ் பெயரின் பின்னால் ‘_சிசிநியூ’ என்று ஒட்டிக்கொண்டு, இன்வேலிட் என்ற குறியோடு ஒன்று நிற்கும். அது அரைகுறையாகக் கட்டியது. தேடுவதற்குப் பயன்படாது, ஆனால் எழுதும் ஒவ்வொரு வரிசைக்கும் அதிலும் எழுதவேண்டியிருக்கும். ‘டிராப் இண்டெக்ஸ் கன்கரன்ட்லி’ என்று அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்குங்கள். பெயர் ‘_சிசிஓல்ட்’ என்று முடிந்தால் கட்டும் வேலை முடிந்துவிட்டது, பழையதை நீக்கும்போதுதான் நின்றிருக்கிறது. அதை நீக்கினால் போதும், மறுபடி கட்ட வேண்டாம். டேட்டாபேஸ் முழுக்க இப்படிக் கிடப்பவற்றை ‘பிஜி_இண்டெக்ஸ்’ கேட்டலாகில் ‘இண்டிஸ்வேலிட்’ பொய் என்று உள்ளவற்றை எடுத்தால் ஒரே பட்டியலில் வரும். முன்பு யாரோ விட்டுப்போன அரைகுறைகள் இங்கே அகப்படும், சில சமயம் பல ஜி.பி.

அறிகுறி: திரும்பக் கட்டக்கூட இடம் இல்லை

சிறியதிலிருந்து தொடங்குங்கள். 2 ஜி.பி. இண்டெக்ஸைச் சுருக்கி 1.5 ஜி.பி. மீட்டால், அடுத்த 4 ஜி.பி. இண்டெக்ஸுக்கு, ஏற்கெனவே இருந்த காலியிடத்தோடு அதுவும் சேரும். இப்படியே படிப்படியாகப் பெரியதுக்கு ஏறலாம். வேறு டிஸ்க் ஒன்று இருந்தால் ‘டெம்ப்_டேபிள்ஸ்பேஸஸ்’ அமைப்பை அங்கே திருப்பிவிட்டு, வரிசைப்படுத்தும் கோப்புகளை அதில் எழுதச் சொல்லலாம். பதிப்பு 14 முதல் ரீஇண்டெக்ஸ் கட்டளையிலேயே டேபிள்ஸ்பேஸ் (போஸ்ட்கிரெஸ் கோப்புகளை வைக்க ஒதுக்கிய இடம்) பெயர் கொடுத்துப் புது இண்டெக்ஸை அந்த டிஸ்க்கிலேயே கட்டவும் முடியும். ஆனால் யூஎஸ்பியில் தொங்கும் வெளி டிஸ்க்கில் நிரந்தர டேபிள்ஸ்பேஸ் வைக்காதீர்கள். யாராவது கேபிளைக் கழற்றினால் அதிலுள்ள இண்டெக்ஸ் மட்டுமல்ல, அதைத் தொடும் டேபிளில் எழுதுவதும் நிற்கும்.

அதைவிட நல்ல வழி பெரும்பாலும் கண்முன்னே இருக்கும்: தேவையில்லாத இண்டெக்ஸை நீக்குவது.

அறிகுறி: ஒரே டேபிளில் ஒன்பது, பத்து இண்டெக்ஸ், எது வேண்டும் எது வேண்டாம்?

டேபிளின் ஒரே காலத்தின் (நெடுவரிசையின்) மீது இரண்டு இண்டெக்ஸ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மென்பொருள் கொடுத்தவர் ஒன்று போட்டிருப்பார், மெதுவாக இருக்கிறது என்று இன்னொருவர் வேறு பெயரில் அதையே போட்டிருப்பார். (லைன்) என்று ஒன்றும் (லைன், தேதி) என்று ஒன்றும் இருந்தால் பெரும்பாலும் முதலாவது தேவையில்லை. இரண்டாவதே அந்த வேலையைச் செய்யும்.

பிறகு ‘பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ்’ பார்வையில் ‘ஐடிஎக்ஸ்_ஸ்கேன்’ (தேடலுக்குப் பயன்பட்ட தடவை) 0 என்று உள்ளவை. இங்கே அவசரம் ஆபத்து. யூனிக் இண்டெக்ஸும் பிரைமரி கீயும் தேடலுக்குப் பயன்படாவிட்டாலும் இரட்டைப் பதிவைத் தடுத்துக்கொண்டிருக்கும், அந்தச் சோதனை இந்த எண்ணில் ஏறாது. ரெப்ளிகாவில் ஓடும் ரிப்போர்ட்டுகளின் கணக்கு பிரைமரி சர்வரில் தெரியாது, அங்கே போய்த் தனியாகப் பார்க்க வேண்டும். ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரிசையைச் சுட்டும் சாவி) உள்ள காலத்தின் இண்டெக்ஸை நீக்கினால், மேல் டேபிளில் ஒரு வரிசை அழிக்கும்போது கீழ் டேபிள் முழுவதையும் துழாவும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கே உரிய ஒரு கண்ணி பருவம். மாம்பழக்கூழ் ஆலையின் சர்வரில் பழம் வரும் மாதங்களில்தான் கொள்முதல் டேபிளில் உயிர். ஜனவரியில் உட்கார்ந்து பார்த்தால் ரகம்வாரி இண்டெக்ஸ் 0 காட்டும், ஏனென்றால் எண்ணிக்கை நவம்பரில் யாரோ ரீசெட் செய்ததிலிருந்து தொடங்கியது. ‘பிஜி_ஸ்டாட்_டேட்டாபேஸ்’ பார்வையில் ‘ஸ்டாட்ஸ்_ரீசெட்’ தேதியைப் பாருங்கள். ஒரு முழு மாம்பழப் பருவமும், வருஷக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதமும் உள்ளே அடங்காத எண்ணிக்கையை வைத்து எதையும் நீக்காதீர்கள். பதிப்பு 16 முதல் ‘லாஸ்ட்_ஐடிஎக்ஸ்_ஸ்கேன்’ என்று கடைசியாகப் பயன்பட்ட நேரமே கிடைக்கிறது, அது இந்தக் குழப்பத்தைப் பாதி தீர்க்கும். நீக்குவதற்கு முன் இண்டெக்ஸின் வரையறையை ‘பிஜி_கெட்_இண்டெக்ஸ்டெஃப்’ மூலம் எடுத்து ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள்.

அறிகுறி: சுருக்கிய இண்டெக்ஸ் மூன்று வாரத்தில் பழையபடி ஊதிவிட்டது

நேரத்தை அதிகம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். ரீஇண்டெக்ஸை மாதாமாதம் ஓடும் கிரான் வேலையாகப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் சர்வர்களில் நோய் அப்படியே இருக்கிறது.

ஒரு பாகத்தின் பயணத்தைப் பாருங்கள். லைனில் நுழையும்போது ஒரு வரிசை. எட்டு மேடை கடந்து போகும்போது எட்டு அப்டேட். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்பது பழையதைத் திருத்துவதல்ல, புது நகல் எழுதுவது. ஆக ஒன்பது நகல். டேபிளில் ஒன்பது இண்டெக்ஸ் இருந்தால், ஒவ்வொரு நகலுக்கும் ஒன்பதிலும் பதிவு: மொத்தம் 81. தேவையானது 9.

இதைத் தவிர்க்கவே ஹாட் அப்டேட் என்ற ஏற்பாடு இருக்கிறது. மாறிய காலம் எந்த இண்டெக்ஸிலும் இல்லாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இண்டெக்ஸைத் தொடாமலே புது நகல் எழுதிவிடும். ஆனால் நம் டேபிளில் ஒவ்வொரு மேடையிலும் மாறுவது ‘நிலை’ காலம், அதில்தான் இண்டெக்ஸ் இருக்கிறது. அந்த ஒரே இண்டெக்ஸால் மற்ற எட்டிலும் சேர்த்து எழுதவேண்டி வருகிறது. ‘பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்’ பார்வையில் ‘என்_டப்_யுபிடி’ எண்ணையும் ‘என்_டப்_ஹாட்_யுபிடி’ எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது, முதலாவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்றால் இதுதான் காரணம்.

நிலை மீது இண்டெக்ஸ் உண்மையில் யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். நிலையில் எட்டு மதிப்புதான், அவற்றில் ‘வெளியே போனது’ என்பதே 95 சதவீதம் என்றால் அந்த இண்டெக்ஸ் பெரும்பாலும் பயனற்றது. லைனில் இப்போது நிற்பவற்றை மட்டும் தேட, ‘நிலை, வெளியே போனது அல்ல’ என்ற நிபந்தனையோடு வேறு காலத்தில் பகுதி இண்டெக்ஸ் போடலாம். அளவு மிகச் சிறிதாகும். ஆனால் நிபந்தனையில் வரும் காலமும் ஹாட் அப்டேட்டைத் தடுக்கும் என்பதை மறக்காதீர்கள். முழுத் தீர்வு, மாறும் நிலையைத் தனிக் குட்டி டேபிளில் வைப்பது. அது முடியாவிட்டால், டேபிளின் ஃபில்ஃபேக்டரை 85 ஆக்கி ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் இடம் விடுங்கள். அது நிலை அல்லாத மற்ற அப்டேட்டுகளுக்காவது உதவும். புதிதாக எழுதும் பக்கங்களுக்குத்தான் இது பொருந்தும்.

பதிப்பு 14 முதல், பக்கம் பிளப்பதற்கு முன் இப்படிச் செத்த நகல்களின் பதிவை இண்டெக்ஸே துடைக்கப் பார்க்கும். மதிப்பு மாறாத இண்டெக்ஸ்களுக்கு இது பெரிய உதவி. 13-இல் இருப்பவர்களுக்கு மேலே ஏற இதுவே போதுமான காரணம்.

இவ்வளவு செய்தும் ஊதுகிறது என்றால், செத்ததைத் துடைக்கவிடாமல் யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். காலை 6 மணிக்கு ஒரு மேடையில் ஸ்கிரீனைத் திறந்து, பிகின் போட்டு, ஒரு வரிசையைத் திருத்தி, காமிட் போகாமலே நிற்கும் புரோகிராம். மாலை வரை அது அப்படியே இருந்தால், அன்று முழுக்கச் செத்த எந்த நகலையும் வேக்யூம் தொட முடியாது. ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’யில் அதன் நிலை ‘ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்’ என்று இருக்கும். ‘ஐடில்_இன்_டிரான்ஸாக்ஷன்_செஷன்_டைம்அவுட்’ அமைப்பை 10 நிமிஷமாக்குங்கள், பிறகு மென்பொருள்காரரிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள். இன்னொரு ஆள் பேக்கப். ‘பிஜி_டம்ப்’ தொடங்கிய நேரத்தில் டேட்டா இருந்த நிலையையே முடியும்வரை பிடித்திருக்கும். மெதுவான இணைப்பில் பெங்களூரு சர்வருக்கு நேரடியாக அனுப்பி ஐந்து மணி நேரம் ஓட்டினால், அந்த ஐந்து மணி நேரமும் துடைப்பு இல்லை. முதலில் உள்ளூர் டிஸ்க்கில் எடுத்து, பிறகு நகர்த்துங்கள். ‘பிஜி_ப்ரிபேர்ட்_எக்ஸாக்ட்ஸ்’ பார்வையில் மறந்துபோன டிரான்ஸாக்ஷனும், ‘ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக்’ இயங்கும் ரெப்ளிகாவில் நீண்ட ரிப்போர்ட்டும் இதையே செய்யும்.

கடைசியாக ஆட்டோவேக்யூம். இயல்பு அமைப்பில் டேபிளின் 20 சதவீதமும், அதோடு 50 வரிசையும் செத்தால்தான் அது வரும். ஒரு கோடி வரிசைக்கு அது 20 லட்சம். அதுவரை இண்டெக்ஸ் வளர்ந்துகொண்டே இருக்கும், வளர்ந்தது சுருங்காது. அந்த டேபிளுக்கு மட்டும் மாற்றுங்கள்:

ஆல்டர் டேபிள் பாகம் செட் (ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_ஸ்கேல்_ஃபேக்டர் = 0.02);

இப்போது 2 லட்சத்துக்கு ஒருமுறை வரும். அடிக்கடி வரும் வேக்யூம் ஒவ்வொன்றும் சிறிதாகவே இருக்கும், லைனில் யாருக்கும் தெரியாது. மெதுவாக இருக்கிறது என்று ஆட்டோவேக்யூமை நிறுத்தி வைத்திருக்கும் சர்வர்களைப் பார்க்கிறோம். அதை இன்றே திரும்பப் போடுங்கள். வந்தும் முடிக்காமல் மணிக்கணக்கில் ஓடினால் ‘ஆட்டோவேக்யூம்_வேக்யூம்_காஸ்ட்_லிமிட்’ எண்ணை 1000 வரை உயர்த்துங்கள், அமைப்பு தொடாதிருந்தால் அது 200-இல் நிற்கும்.

அறிகுறி: இது மைஎஸ்கியூஎல் சர்வர்

மைஎஸ்கியூஎல் வழக்கமாகப் பயன்படுத்தும் சேமிப்பு முறையான இன்னோடிபியில் டேபிளும் இண்டெக்ஸும் ஒரே ‘.ஐபிடி’ கோப்பில் இருக்கும். ‘ஆப்டிமைஸ் டேபிள்’ போட்டால் புதிதாகக் கட்டி, மிச்ச இடத்தைத் திருப்பித் தரும். அதற்கும் புது நகல் அளவுக்கு இடம் வேண்டும். எல்லாம் ‘ஐபிடேட்டா1’ என்ற ஒரே பெரிய கோப்பில் கிடக்கும் பழைய சர்வர் என்றால் ஆப்டிமைஸ் செய்தும் அந்தக் கோப்பு சுருங்காது. டேட்டா மொத்தத்தையும் டம்ப் எடுத்து, ‘இன்னோடிபி_ஃபைல்_பெர்_டேபிள்’ இயங்கும் அமைப்பில் திரும்ப ஏற்றுவதே வழி.

எதுவும் நிறையாதபோது

டேட்டா டிஸ்க்கில் ‘ஃபால்லொகேட்’ மூலம் 5 ஜி.பி.க்கு ஒரு வெற்றுக் கோப்பு உருவாக்கி, ‘அவசரத்துக்கு_அழிக்கவும்’ என்று பெயர் வையுங்கள். போஸ்ட்கிரெஸின் அடைவுக்குள் அல்ல, அதே பகுதியில் வெளியே. டிஸ்க் நிறைந்து நிற்கும் ஒரு நாள், இரவு ஷிப்டில் இருப்பவர் உங்களுக்குப் போன் செய்து, நீங்கள் அந்த ஒரு கோப்பை அழிக்கச் சொன்னால் போதும், போஸ்ட்கிரெஸ் எழுந்துவிடும். காலையில் வந்து மற்றதைப் பார்க்கலாம். டிஸ்க் 80 சதவீதம் தொட்டால் செய்தி அனுப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்டும் கூடவே போடுங்கள், ரீஇண்டெக்ஸுக்கு வேண்டிய இடம் அப்போதுதான் இன்னும் மிச்சமிருக்கும்.